லேமினேஷன் போட்ட நான்காம் வரி

2025 ஜூலை 19, சனி. மதியம் 2.40.

ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். துல்கர்னைன் அண்ணனின் ஆம்ப்ளிஃபயருக்கு எழுதிக் கொடுத்த தாளில் நான்காம் வரியைச் சரிபார்க்காமல் எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு நான் போகவில்லை. புதன்கிழமை தாளை எழுதும்போது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. திருத்த வேண்டும்.

அடுத்த வரிக்குப் போவதற்குள் மாஜிதாவின் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் திறந்து கிடந்த, கூடப் படிக்கும் ஜெனியின் நோட்டை இன்னொரு முறை படித்தாள். பிறகு தன் நோட்டில் "சிறு" என்ற சொல்லை ஸ்கேல் வைத்து அடித்தாள்.

வாரம் முழுக்க வகுப்பில் கிறுக்கியதைச் சனிக்கிழமை மதியம் நல்ல நோட்டில் பிரதி எடுப்பது அவள் பழக்கம். பகலில் கடையநல்லூரில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. மாலையில் பஸ் பிடித்துத் தென்காசிக்குப் போய், ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் உட்காருவாள். எதையும் மூன்று முறை அளப்பாள். மூன்று முறையும் ஒரே எண் வந்தால், மீட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகம் வரும். அப்படிப்பட்டவள் அந்தச் செவ்வாய்க்கிழமை உம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அன்றைய பாடத்துக்குத்தான் ஜெனியின் நோட்டை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

ஜெனியின் நோட்டில் பாதிப் பக்கம் மீன் படம். மீதிப் பாதியில் இது இருந்தது:

"வால்வு ஆம்ப் – பெட்டி மாட்டாம ஓடவே கூடாது!!! உள்ள இருக்க அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காலி. டிரான்ஸிஸ்டர் ஆம்ப்புக்கு அப்படியே தலைகீழ். சார் ரெண்டு தடவ சொன்னாரு."

மாஜிதா அதை விரல் வைத்து மூன்றாம் முறையும் படித்தாள்.

துல்கர்னைன் அவளுடைய பெரியம்மா மகன். பதினோரு வருஷமாக ஷார்ஜாவில் ஏசி குழாய் மாட்டும் வேலை. அங்கே அறையில் கூட இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன கிட்டார் ஆம்ப்பை வாங்கி, துணிகளுக்கு நடுவே பொதிந்து, கார்கோவில் அனுப்பியிருந்தான். கண்ணாடிக் குழாய் வால்வுகள் வைத்த பழைய ஆம்ப். முப்பது வாட். பின்னால் 4, 8, 16 என்று மூன்று துளைகள். ஸ்பீக்கர் பெட்டி மட்டும் இங்கே செய்தது. வடகரையில் ஒரு தச்சரிடம் பலகை அறுத்து, இரண்டு ஸ்பீக்கர் பொருத்தியது. இன்று மாலை குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் அவனோடு பள்ளியில் படித்தவர்கள் கூடுகிறார்கள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் முன்னால் அவன் வாசிக்கப்போகிறான். லீவு முடிந்து திங்கட்கிழமை மறுபடி விமானம்.

பெட்டியை எந்தத் துளையில் மாட்டுவது என்று கேட்டு அவன் புதன்கிழமை மையத்துக்கே வந்துவிட்டான். மாஜிதா வீட்டுக்குப் போய் அளந்தாள். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் எட்டு ஓம், ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருந்தது. ஆகப் பதினாறு. மீட்டர் பன்னிரண்டே முக்கால் காட்டியது. ஸ்பீக்கரை அளந்தால் மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் முப்பது வாட் தாங்கும், அதனால் பெட்டி எரிய வழியில்லை. எல்லாம் சரி. ஒரு தாளில் நான்கு வரி தட்டச்சு செய்தாள்:

1. பெட்டி வயரை 16 என்ற துளையில் மட்டும் செருகவும்.
2. தடித்த ஸ்பீக்கர் வயரைத்தான் போட வேண்டும். கிட்டார் வயரைப் போடக் கூடாது.
3. முதல் சுவிட்சைப் போட்டு இரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது சுவிட்ச்.
4. சத்தம் சரியில்லை என்றால் உடனே பெட்டி வயரைக் கழற்றிவிடவும். கழற்றிய பின் ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தாலும் பயமில்லை.

நான்காவது வரியை யாரும் கேட்கவில்லை. சும்மா பாதுகாப்புக்கு என்று அவளாகச் சேர்த்தது. சாரல் பட்டால் நனைந்துவிடுமே என்று லேமினேஷன் வேறு போட்டு, ஆம்ப்பின் முதுகில் நாலு பக்கமும் டேப் ஒட்டிக் கொடுத்தாள்.

துல்கர்னைனுக்கு ஃபோன் அடித்தாள். சுவிட்ச் ஆஃப் என்றது. மறுபடி அடித்தாள். ஆறாவது முறை பெரியம்மாவுக்கு அடித்தாள்.

"அவன் ஐந்தருவில குளிக்கப் போயிருக்காம்மா. ஃபோன கார்ல வச்சிருப்பான். ஆம்ப்ப காலைலயே மைக்செட்டுக்காரர் வேன்ல ஏத்தி விட்டாச்சு. ஏன், என்னவாம்?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. ஒரு சின்ன திருத்தம்."

வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: "அண்ணே நாலாவது வரி தப்பு. பெட்டி வயரைக் கழற்றாதீங்க. கழற்றணும்னா முதல்ல ஆம்ப்பை அணைக்கணும்." ஒரே ஒரு டிக் விழுந்தது. அது அப்படியே நின்றது.

நாலரை மணிக்குச் சத்தச் சோதனை என்று துல்கர்னைன் சொல்லியிருந்தான். மணி மூன்றாகப் போகிறது. கைப்பையில் மீட்டரைப் போட்டாள், கறுப்பு டேப், ஸ்க்ரூ டிரைவர், இரண்டு நோட்டு. உம்மாவிடம் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியவள், மீட்டரில் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க நின்றாள். இருந்தது.

தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெனிக்கு அடித்தாள்.

"ஏட்டி, நீ மேலகரத்துல தான இருக்க?"

"வீட்டுல தான் இருக்கேன். எங்க அம்மா துணி காயலன்னு வானத்த ஏசிட்டு இருக்கா. ஏன் மூச்சு வாங்குத?"

மாஜிதா சொன்னாள்.

"லேமினேஷனாட்டி போட்ட?"

"ஆமா."

"தப்ப எழுதுனதும் இல்லாம, அழியாம வேற பாத்துக்கிட்டியாக்கும்."

"சிரிக்காதட்டி. அந்த டிரான்ஸ்ஃபார்மர் போச்சுன்னா இங்க எங்கயும் கிடைக்காது. அது போனா அந்த ஆம்ப் வெறும் கூடுதான்."

"சரி சரி. நான் பஸ் ஸ்டாப்புல நிக்கேன். குற்றாலம் பஸ்ல முன் படிக்கட்டுக்கிட்ட நில்லு."

பஸ் ஆடிக்கொண்டே போனது. மாஜிதா மனசுக்குள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தியது. கல்யாண வீடுகளில் பாடுகிற டிரான்ஸிஸ்டர் ஆம்ப்புக்கு அது உண்மைதான். அதற்கு வயர் ஒன்றோடொன்று உரசினால்தான் ஆபத்து. பெட்டி இல்லாமல் சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்ப்புக்கு அப்படியில்லை. அது தள்ளுகிற சக்தியை வாங்கிக்கொள்ளப் பெட்டி இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சக்தி உள்ளேயே திரும்பி, டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றைப் பொசுக்கிவிடும். நாலு பேருக்குச் சரியான மருந்தை ஐந்தாவது ஆளுக்கும் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. தெரியாத இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். ஏன் எழுதினோம்? மூன்று வரியோடு தாள் பாதிதான் நிறைந்திருந்தது. அதற்காகவா எழுதினோம்? யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

தென்காசியில் பஸ் மாறி, மேலகரத்தில் ஜெனி ஏறும்போது மணி நாலேகால். சீசன் சனிக்கிழமை. கேரளா வண்டிகளும் மதுரை வண்டிகளும் துண்டு காயப்போட்ட வேன்களுமாக ரோடு அடைத்துக் கிடந்தது. பத்து நிமிடத்தில் பஸ் நூறு அடி நகர்ந்தது.

"இறங்கு. நடந்தா சீக்கிரம் போயிரலாம்," என்றாள் ஜெனி.

மண்டபம் பேரருவிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், ரோட்டை ஒட்டியே இருந்தது. இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மாஜிதா கைப்பையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். நடுவில் ஒரு முறை ஃபோனைப் பார்த்தாள். அதே ஒற்றை டிக்.

"கிட்டார் சத்தம் கேக்குதா?" என்றாள்.

"சிப்ஸ் பொரிக்கிற சத்தம்தான் கேக்குது."

"சத்தம் கேட்டா நல்லது. பெட்டி மாட்டியிருக்குன்னு அர்த்தம்."

மண்டபத்து வாசலில் நின்று இருவரும் காதைத் தீட்டினார்கள். நாற்காலி இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது.

மேடையில் துல்கர்னைன் ஈரத் தலையோடு, கழுத்தில் கிட்டாரோடு நின்றான். அவனுக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்றவர் மைக்செட் போடும் மாடக்கண்ணு. ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, தோளில் சுருட்டிய வயர். இரண்டு பேருக்கும் நடுவில் ஆம்ப். அதற்கு மேலே யாரோ ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். மேடை ஓரத்தில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு நீளமான கறுப்பு வயர் ஆம்ப் வரைக்கும் வந்து, மாட்டாமல் தரையில் கிடந்தது.

மாஜிதாவின் கண் அந்த வயரின் முனையிலேயே நின்றுவிட்டது. நான்காம் வரியை அப்படியே கடைப்பிடித்துவிட்டார்கள்.

"எவ்வளவு நேரமாச்சு?" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "வயர் கழட்டி எவ்வளவு நேரமாச்சு?"

துல்கர்னைன் திரும்பினான். "ஏ, மாஜிதா! நீ எங்க இங்கன? நல்ல வேளைக்கு வந்த. இவர்ட்ட கொஞ்சம் சொல்லு. நீ எழுதுன மாதிரியே கழட்டப் போனேன், மனுசன் அரை மணி நேரமா சண்டை போடுதாரு."

"சண்டை இல்ல பாய், முறை," என்றார் மாடக்கண்ணு. "தங்கச்சி, நீதானா இத எழுதுனது? எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க தொழில்ல அப்படிச் செய்ய மாட்டோம்."

"அண்ணே, வயர் கழட்டும்போது ஆம்ப் ஓடிட்டு இருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"எப்படி ஓடும்? பிளக்க முதல்ல நான் உருவிட்டேம்லா."

மாஜிதா மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். சோதனைக்கு வாசிக்க ஆரம்பித்ததும் பெட்டி கரகரவென்று இரைந்திருக்கிறது. துல்கர்னைன் ஆம்ப்பின் முதுகைத் திருப்பிப் படித்துவிட்டு, வயரை உருவப் போயிருக்கிறான். மாடக்கண்ணு குறுக்கே பாய்ந்து கையைப் பிடித்திருக்கிறார்.

"கரண்டு ஏறின செட்டு ஊமையா நிக்கக் கூடாது," என்றார் மாடக்கண்ணு, கோர்ட்டில் சாட்சி சொல்வது போல. "எங்க அப்பா காலத்துல இருந்து அதான். கோயில் கொடைக்குப் போனாலும் சரி, சடங்கு வீட்டுக்குப் போனாலும் சரி, பெட்டிய மாட்டி, பொட்டு வச்சு, அப்புறம்தான் சுவிட்சு. முடிச்சா முதல்ல கரண்டு, கடைசில பெட்டி. கரண்டோட பெட்டியக் கழட்டுனா செட்டுக்கு நாக்க அறுத்த மாதிரி. அன்னைக்கு முழுக்க ஒண்ணும் விளங்காது. பாய்ட்ட சொன்னா, 'என் தங்கச்சி படிச்சவ, எழுதியிருக்கா'ங்காரு. யார் எழுதுனா என்ன? பிளக்க உருவுனேன். அதுக்கப்புறம்தான் வயர்ல கைய வைக்க விட்டேன்."

"பாத்தியா, இதுக்கு என்ன சொல்லுத?" என்றான் துல்கர்னைன்.

மாஜிதா எழுந்தாள். இரண்டு பேர் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் அழகாகக் கோத்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"அவர் செஞ்சதுதான் சரி. நான் எழுதுனது தப்பு. நீங்க அவர் சொன்னதக் கேக்காம வயர உருவியிருந்தா உங்க ஆம்ப் இந்நேரம் செத்திருக்கும் அண்ணே."

துல்கர்னைன் முகத்தில் சிரிப்பு மெதுவாக வடிந்தது. ஆம்ப்பைப் பார்த்தான், மாடக்கண்ணுவைப் பார்த்தான். பிறகு கிட்டாரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்து வைத்தான்.

"செத்திருக்குமா?"

"டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும். பெட்டி இல்லாம இந்த வகை ஆம்ப் ஓடக் கூடாது. செவ்வாய்க்கிழமை அந்தப் பாடத்துக்கு நான் போகல. போகாமலே எழுதிட்டேன்."

ஜெனி நடுவில் புகுந்தாள். "ஒரு வரிதான் அண்ணே தப்பு. மத்த மூணும் சரி. அதுக்கு நான் கேரண்டி."

"நீ யாரும்மா?"

"தப்பக் கண்டுபிடிச்ச நோட்டு என்னோடது."

மாடக்கண்ணு யார் முகத்தையும் பார்க்காமல் தோளில் கிடந்த வயரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். வெற்றியை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல இருந்தது. "அதுக்குக் காரணம் வேற இருக்கா?" என்றார் கடைசியில். "நாங்க சாமி குத்தம்னு நினைச்சு செஞ்சிட்டு இருக்கோம்."

"காரணம் இருக்கு அண்ணே. பழைய காலத்துல உங்க அப்பா வச்சிருந்ததும் வால்வு செட்டாத்தான் இருந்திருக்கும்."

"இருந்துச்சு, இருந்துச்சு. குளிர் காலத்துல கை காயலாம்பாரு."

துல்கர்னைன் இன்னும் ஆம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப உசுரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?"

அதுதான் மாஜிதாவுக்குத் தெரிந்த வேலை. பிளக் உருவியே கிடக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தாள். பெட்டியின் பின்பக்கம் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு புள்ளி ஏழு. இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறை மீட்டரை ஜெனியிடம் கொடுத்தாள்.

"பன்னெண்டு புள்ளி ஏழு," என்றாள் ஜெனி. "மீட்டர் கெட்டுப்போகல. நீ அதத்தான் நினைக்கன்னு உன் முகத்தப் பாத்தாலே தெரியுது."

அப்படியானால் கரகரப்பு எங்கிருந்து? மாஜிதா தரையில் கிடந்த வயரை எடுத்தாள். மெலிதாக, ரப்பர் போல வளைந்தது. முனையைத் திருகினால் ஆடியது.

"இது கிட்டார் வயர்லா? தடித்த வயர் எங்க?"

துல்கர்னைன் தலையைச் சொறிந்தான். "அது ஒரு முழம்தான் இருக்கு. பெட்டி மேடை ஓரத்துல இருந்தா நல்லாருக்கும்னு நான்தான் நீளமானத மாட்டுனேன்."

"ரெண்டாவது வரி," என்றாள் ஜெனி.

"படிச்சேன். நாலாவது வரி வரைக்கும் படிச்சேன். வயர் நீளம் பத்தலன்னா என்ன செய்யன்னு தாள்ல இல்லையே."

மாஜிதாவுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. மெல்லிய வயர் கிட்டாரிலிருந்து வரும் சின்னச் சைகைக்குத்தான். ஆம்ப் தள்ளுகிற சக்தி அதற்குள் போனால் சூடாகும், முனை விட்டு விட்டுத் தொடும், அதுதான் கரகரப்பு. அந்த முனை நடுவில் முழுதாக விட்டுப்போயிருந்தால் பெட்டி இல்லாத கதைதான். அதை யாரிடமும் உடனே சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று பட்டது.

பெட்டியை நகர்த்த வேண்டாம், ஆம்ப்பைப் பெட்டிக்கு மேலே தூக்கி வையுங்கள் என்றாள். முழ வயர் தாராளமாக எட்டியது. துளையின் மேல் எழுதியிருந்த 16-ஐ விரலால் தொட்டுவிட்டுச் செருகினாள். ஜெனியும் தொட்டுப் பார்த்தாள்.

"மண்டபம் பெருசு," என்றார் மாடக்கண்ணு. "இந்த ஒரு பெட்டி பத்தாது. என் பெட்டி ரெண்டு சும்மா நிக்குது. பக்கத்துத் துளைல ஒண்ண மாட்டிக்கிடுவோமா?"

"உங்க பெட்டி எத்தன ஓம் அண்ணே?"

"எட்டு."

மாஜிதா நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். பதினாறும் எட்டும் இப்படிப் பக்கம் பக்கமாகச் சேர்ந்தால் ஐந்தரைக்குக் கொஞ்சம் கீழே வரும். ஆம்ப்பின் முதுகில் அதற்கென்று துளை கிடையாது. சமாளிக்கலாமோ என்னவோ, அவளுக்குத் தெரியாது. தெரியாததை இன்று சொல்லப்போவதில்லை.

"வேண்டாம் அண்ணே. இந்தப் பெட்டிக்கு முன்னால உங்க மைக் ஒண்ண வச்சிருங்க. மைக்ல கேக்கிறத உங்க செட்டு பெருசாக்கட்டும். ஆம்ப்புக்கு ஒரு பெட்டி, உங்க பெட்டி உங்க செட்டுக்கு. ஒண்ணுக்கொண்ணு தொடுப்பே இல்ல."

"அப்ப சத்தம் என் செட்டுலதான் வரும்."

"ஆமா."

மாடக்கண்ணு ஒரு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்த வேகத்தில் அவர் மனசு தெரிந்தது.

முதல் சுவிட்ச். வால்வு சூடேற மாஜிதா கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் எண்ணினாள். பின்பக்க ஓட்டை வழியே வால்வுகள் செங்கல் நிறத்தில் மெல்லக் கனன்றன. வெளியே யாரோ வண்டியை ரிவர்ஸ் எடுக்க விசில் ஊதினார்கள். இரண்டாவது சுவிட்ச்.

துல்கர்னைன் ஒரே ஒரு தந்தியை மீட்டினான்.

சத்தம் தெளிவாக, உருண்டையாக வந்து மண்டபத்தின் பின்சுவரில் பட்டுத் திரும்பியது. கரகரப்பு இல்லை. அவன் இன்னொன்றை மீட்டினான். பிறகு ஆறையும் சேர்த்து இழுத்தான். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

மாஜிதா துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்தாள். ஜெனி அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அழுவியா என்ன?"

"சாரல் பட்டிருக்கு."

"மண்டபத்துக்குள்ளயா?"

துல்கர்னைன் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்தான். "ஏ மாஜிதா. இவ்வளவு தூரம் இதுக்காகவா ஓடி வந்த? ஃபோன் அடிச்சிருக்கலாம்லா?"

"பதினேழு தடவை அடிச்சேன்."

அவன் பையைத் துழாவினான். ஃபோன் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், ஈரத் துண்டுக்கு அடியில் கிடந்தது. குளிக்கப் போகும்போது அணைத்து வைத்ததை மறந்துவிட்டான். உயிர் கொடுத்ததும் அது டிங் டிங்கென்று அடங்காமல் கத்தியது. மாஜிதாவின் ஃபோனில் ஒற்றை டிக் இரண்டானது.

"படிச்சுட்டேன்," என்றான் அவன். "நாலாவது வரி தப்பு."

பிறகு தாளைப் பிரிக்கும் வேலை இருந்தது. மாஜிதா தன் கையாலேயே செய்வேன் என்றாள். ஒட்டியதும் அவள்தான், அதனால் லேசில் வரவில்லை. டேப் பிய்ந்தது, லேமினேஷன் பிய்யவில்லை. கிழிக்கப் பார்த்தாள்; வளைந்து கொடுத்ததே தவிர கிழியவில்லை. மாடக்கண்ணு டூல்ஸ் பெட்டியிலிருந்து வயர் வெட்டும் கட்டரை நீட்டினார். அதை வைத்து நான்காம் வரியை மட்டும் நீளவாக்கில் நறுக்கி எடுத்தாள். மிச்ச மூன்று வரியையும் மறுபடி ஒட்டினாள். அடியில் கறுப்பு டேப்பை ஒட்டி, ஜெனியின் வெள்ளைப் பேனாவால் எழுதினாள். எழுதுவதற்கு முன் மாடக்கண்ணுவைக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க எப்படிச் சொல்லுவீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"போடும்போது முதல்ல பெட்டி, அப்புறம் கரண்டு. எடுக்கும்போது முதல்ல கரண்டு, அப்புறம் பெட்டி."

அதை அப்படியே எழுதினாள். ஜெனி படித்தாள். துல்கர்னைன் படித்தான். மாடக்கண்ணு கண்ணாடி இல்லாமல் எட்ட நின்று படித்துவிட்டு, "அந்த நாக்கு விஷயத்தையும் போட்டிருக்கலாம்," என்றார்.

முதல் இரண்டு பாட்டு வரைக்கும் இருந்து கேட்டார்கள். இரண்டு பாட்டுக்கும் நடுவில் மாஜிதா ஓடிப்போய் ஆம்ப்பின் தலையில் கை வைத்துப் பார்த்தாள். சுடுசோற்றுப் பாத்திரம் அளவுக்குச் சூடு. சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. அது எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் குறித்தாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. நோட்டைத் திறந்தாள்.

அதே நாள். மாலை 7.15. பஸ்ஸில்.

ஆம்ப் நன்றாக இருக்கிறது. பாதிகூட என் எச்சரிக்கையால் இல்லை, முழுக்க மாடக்கண்ணு அண்ணனின் பழக்கத்தால். அவரிடம் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொன்னாய் என்கிறாள் ஜெனி. இரண்டு முறையாம்.

தெரிந்த மூன்று வரி போதுமாக இருந்தது. நான்காவதைப் பக்கம் நிறைவதற்காக எழுதினேன்.

நாளை: காலை பத்து மணிக்குத் துல்கர்னைன் அண்ணன் வீடு. அவர் விமானம் ஏறும் முன், பெட்டியின் பின்பலகையில் 16 என்று வெள்ளை பெயிண்டில் எழுத வேண்டும். அதற்கு முன்னால் ஜெனி ஒரு முறை அளக்க வேண்டும். தடித்த வயர் பத்தடி வாங்க வேண்டும்.